மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும்!

கணவனும் மனைவியும் சேர்ந்து கடைசியாக எப்போது வெளியே போனீர்கள்?

கல்யாணத்துக்குப் போனது கணக்கில் சேராது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் சேராது. ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்தது சேரவே சேராது. வேலை எதுவும் இல்லாமல், "வா, இன்றைக்கு நாம் இருவரும் போய் வரலாம்" என்று புறப்பட்ட நாள் எது?

யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. சிரிப்புதான் வரும். சில வீடுகளில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெருமூச்சும் வரும்.

வருஷத்துக்கு ஒரு நாளாவது தம்பதிகள் அப்படிப் புறப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் காரில் அல்ல, பஸ்ஸில் அல்ல. சைக்கிளில்! ஆளுக்கு ஒரு சைக்கிளில்!

"இது என்ன கூத்து?" என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் நடந்த கதையைச் சொல்கிறேன். பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

சாவடி என்று பெயர்!

எங்கள் ஊர் வேலப்பன்சாவடி. சென்னையிலிருந்து பூந்தமல்லி போகும் நெடுஞ்சாலையில், மதுரவாயலைத் தாண்டினால் வரும். பக்கத்திலேயே திருவேற்காடு. கருமாரி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகவும் வருவார்கள்.

சாவடி என்றால் என்ன? வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். ஊரின் பெயரிலேயே பயணம் இருக்கிறது. ஆனால் ஊரில் இருப்பவர்கள் பயணம் போவது அபூர்வம். லாரிகள் போகின்றன, பஸ்கள் போகின்றன. நாங்கள் சாலை ஓரத்தில் நின்று பார்க்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி. கணவருக்கு வயது 46. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. மனைவிக்கு வயது 41. வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார். ஒரே மகள். அவளைச் சென்ற ஆண்டு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணவரின் தாயார் உடன் இருக்கிறார்.

மகள் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் மகளைப் பற்றிப் பேசுவார்கள். அவள் படிப்பு, அவள் காய்ச்சல், அவள் கல்யாணக் கடன். இப்போது பேச என்ன இருக்கிறது? "சாப்பாடு போடட்டுமா?" "போடு." "கேஸ் தீர்ந்துபோச்சு." "சொல்லிட்டேன்." ஒரு நாள் பேச்சு அவ்வளவுதான். சண்டை இல்லை. சண்டை போடவும் ஏதாவது பேச வேண்டுமே!

ஒரு நாள் இரவு மனைவி கேட்டார்: "என்னங்க, மகாபலிபுரம் போற ரோடு கடலை ஒட்டியே போகுதாமே? நான் பார்த்ததே இல்லை."

22 ஆண்டுகளாகச் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர். கடலை இரண்டே முறை பார்த்திருக்கிறார். இரண்டும் மெரினாவில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பஸ்ஸில் போயிட்டு வந்தால் போச்சு" என்றார் கணவர்.

"பஸ் வேண்டாம். சைக்கிளில் போகலாம்" என்றார் மனைவி.

கணவர் திகைத்துப் போனார். மகள் 11-ஆம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள் சுவர் ஓரமாக நின்றிருந்தது. அதில் மனைவி யாருக்கும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். தைத்த ஜாக்கெட்டுகளைத் திருவேற்காடு வரை அதில்தான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். கணவருக்குத் தெரிந்தது அன்றுதான்.

"ஊர் சிரிக்கும்!"

செய்தி தெருவில் பரவியது. "இந்த வயசில் இது தேவையா?" என்றார் ஒருவர். "மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகா சினிமா டூயட்?" என்றார் இன்னொருவர். மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஊர் சிரிக்கும்!"

ஊர் சிரிக்கும். உண்மைதான். ஆனால் ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்டக் கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களைக் கற்கச் சொன்னார்கள். முதலில் அங்கேயும் ஊர் சிரித்தது. கேலிப் பேச்சும் கிளம்பியது. ஆனால் கல் உடைக்கும் பெண்களும், வயலில் வேலை செய்யும் பெண்களும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வேலைக்குப் போனார்கள். தண்ணீர் எடுத்து வந்தார்கள். சந்தைக்குப் போனார்கள். சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டார்கள். தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள்!

சிரிப்பு ஒரு வாரம் இருக்கும். கற்ற வித்தை ஆயுள் முழுதும் இருக்கும்.

எங்கள் பக்கத்து மக்கள் சைக்கிளைப் பார்த்துச் சிரிப்பது இன்னும் வேடிக்கை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி நம் அம்பத்தூரில்தான் தொழிற்சாலை வைத்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களை அறியாதவர் உண்டா? நாட்டின் மூலை முடுக்குகளில் எல்லாம் ஓடிய அந்த வண்டிகளில் அம்பத்தூர்த் தொழிலாளியின் உழைப்பு இருந்தது. நாம் செய்து ஊருக்கு அனுப்பிய வண்டியில் நாமே ஏறினால் அதில் என்ன வெட்கம்?

விஞ்ஞானிகளும் போனார்கள்!

உலகப் புகழ் பெற்ற ஒரு தம்பதியின் கதையையும் கேளுங்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி, பியேர் கியூரி தம்பதி. 1895-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சு நாட்டில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆடம்பரம் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்புப் பணத்தில் என்ன வாங்கினார்கள் தெரியுமா? நகை அல்ல, பட்டு அல்ல. இரண்டு சைக்கிள்கள்! மணமான கையோடு அந்தச் சைக்கிள்களில் ஏறி, கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். பிறகும் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சைக்கிளில் கிளம்பினார்கள்.

1903-ல் இருவருக்கும் சேர்ந்தே நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் பாரிஸ் நகரத் தெருவில் ஒரு குதிரை வண்டி மோதிப் பியேர் இறந்தார். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 11 ஆண்டுகள்கூட நிறையவில்லை. புகழும் பரிசும் பிறகு எவ்வளவோ வந்தன. சேர்ந்து போன நாள்கள் மட்டும் திரும்ப வரவில்லை.

நமக்கு எத்தனை ஆண்டு என்று யாருக்குத் தெரியும்? "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அந்தப் "பிறகு" எல்லாருக்கும் வருவதில்லை.

அன்று நடந்தது என்ன?

பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருத் தம்பதி புறப்பட்டார்கள். ஆனால் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளில் புறப்படவில்லை. புறப்பட முடியவில்லை! பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஆகவே சனிக்கிழமை மாலையே தெரிந்தவரின் சரக்கு ஆட்டோவில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றினார்கள். திருவான்மியூரில் மனைவியின் அக்காள் வீட்டில் இரவு தங்கினார்கள். இங்கே மாமியாருக்குத் துணையாக மகள் வந்து இருந்தாள்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணி. சைக்கிளுக்கு விளக்குக் கட்டிக்கொண்டு, மருந்தீஸ்வரரை வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று ஊர்கள் கழிந்தன.

மனைவிக்கு ஏமாற்றம். "என்னங்க, கடல் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! கடற்கரைச் சாலை என்றுதான் பெயர். வழி நெடுக வீடுகளும் மதில் சுவர்களும் கடலை மறைத்து நிற்கின்றன. காற்று வருகிறது, உப்பு வாசனை வருகிறது, கடல் மட்டும் தெரியவில்லை.

கணவர் லேத் பட்டறைக்காரர். கால் பலம் உள்ளவர். முன்னால் மிதித்துக்கொண்டே போனார். ஈஞ்சம்பாக்கம் தாண்டித் திரும்பிப் பார்த்தார். மனைவியைக் காணோம்!

ஐந்து நிமிஷம் நின்றார். வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டியைத் திருப்பி இடது ஓரமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மனைவி சாலை ஓரத்தில் உட்கார்ந்து, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"கூப்பிடக் கூடாதா?" என்றார் கணவர்.

"கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கலை" என்றார் மனைவி. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீட்டிலும் அப்படித்தான்."

கணவர் பதில் சொல்லவில்லை. செயினைச் சரி பார்த்தார். கையைத் துடைக்கத் தம் துண்டைக் கொடுத்தார். பிறகு, "நீ முன்னால் போ" என்றார்.

அவ்வளவுதான்! அன்று அவர்கள் கற்ற பாடம் இதுதான். சேர்ந்து போகும்போது மெதுவாகப் போகிறவர் முன்னால் போக வேண்டும். வேகமாகப் போகிறவர் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் இருவரும் சேர்ந்து போகிறார்கள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஒரே சாலையில் இரண்டு பேர் தனித்தனியாகப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கடல் தெரிந்தது!

முட்டுக்காடு பாலத்தில் ஏறியபோது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் தூரத்தில் கடல். இந்தக் கழியோடு சேருவதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1877, 1878-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், கூலிக்கு ஆள்களை வைத்துச் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். திருவேற்காடு வழியாக ஓடும் நம் கூவமும் இந்தக் கால்வாயைத் தொடுகிறது. கணவர் இதைச் சொன்னதும் மனைவி சிரித்தார்: "நம்ம ஊர்த் தண்ணி நமக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துட்டுதா?"

கோவளத்தில் மணலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோவளத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார். இன்று கோட்டைக்காக யாரும் வருவதில்லை. அலைக்காகத்தான் வருகிறார்கள். சுத்தமான கடற்கரைக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று 2021-ல் கோவளத்துக்குக் கிடைத்தது.

அடுத்தது திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயில். முனிவர் ஒருவரின் 360 பெண்களைப் பெருமாள் நாளுக்கு ஒருவராக மணந்து, கடைசியில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை போட்டுக்கொண்டு வலம் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே கிரீஸ் கையோடு இந்தத் தம்பதி!

மனைவி சொன்னார்: "பெருமாளே ஒவ்வொருத்திக்கும் ஒரு நாள் ஒதுக்கினாராம். உங்களுக்கு இருக்கிறது ஒருத்திதான். வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும்."

திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது. தை மாதத்தில் வடகிழக்குக் காற்று. தெற்கே போகும்போது முதுகில் தள்ளியது. வடக்கே வரும்போது எதிர்த்து நின்றது. மனைவி திணறினார். இப்போது கணவர் முன்னால் வந்தார். காற்றைத் தாம் வாங்கிக்கொண்டார். ஆனால் காலையில் போனது போல ஓடவில்லை. நூறு அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் முன்னால் போனாலும் வேகம் மனைவியின் வேகம். பாடம் மனத்தில் பதிந்துவிட்டது.

போக வர 50 கிலோமீட்டருக்கு மேல். மதியம் ஒரு மணிக்குத் திருவான்மியூர் வந்து சேர்ந்தார்கள்.

சைக்கிள் எதற்கு?

"மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு மணியில் போய் வந்திருக்கலாமே?" என்று கேட்கலாம். போகலாம். ஆனால் மனைவி எதைப் பார்த்திருப்பார்? கணவரின் சட்டை முதுகைப் பார்த்திருப்பார்! இருவர் தலையிலும் ஹெல்மெட். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காது. ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் சுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

சைக்கிளில் இருவரும் ஓட்டுகிறார்கள். இருவருக்கும் களைப்பு வருகிறது. இருவருக்கும் பசிக்கிறது. நிற்க நினைத்த இடத்தில் நிற்கிறார்கள். நின்ற இடத்தில் பேசுகிறார்கள். பெட்ரோல் செலவும் இல்லை.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

நீங்களும் போக நினைத்தால் இவற்றைக் கவனியுங்கள்:

தை, மாசி மாதங்கள் நல்லவை. கோடையில் வேண்டாம். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.

முதல் நாளே பிரேக் கட்டை, செயின், டயர் காற்று மூன்றையும் பாருங்கள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்துங்கள். முழங்கால் வலி குறையும்.

சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். செயினுக்கு மூடி போட்ட வண்டி நல்லது. முன்னால் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். தலைக்கவசம் போடுங்கள். பெரிய சாலையில் ஜோடியாகப் போகாதீர்கள். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்சை நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் காலை நனைத்தால் போதும். தெரியாத கரையில் இறங்கிக் குளிக்காதீர்கள். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் முறை 10 கிலோமீட்டர் போனாலே பெரிது. கடல்தான் வேண்டும் என்பதில்லை. ஏரிக்கரையும் கோயில் குளமும் போதும்.

சாலை யாருக்கு?

கடைசியாக ஒரு வார்த்தை, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். வாயார வாழ்த்துகிறோம். ஆனால் வண்டியைக் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்காமல் இருக்கலாமா? 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தர வேண்டும் என்பது அந்தக் கொள்கை. இந்திய நகரங்களில் இதை முதலில் ஏற்றது சென்னைதான் என்று பெருமைப்பட்டோம். தாளில் எழுதிய முதலிடம் தார்ச்சாலையில் எங்கே?

வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் புறப்பட்டுப் பூந்தமல்லிக்கோ மதுரவாயலுக்கோ பயமில்லாமல் போய்த் திரும்ப முடியவில்லை. கடலைப் பார்க்கப் போக, சைக்கிளையே சரக்கு ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருக்கிறது! பெரிய சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை வேண்டும். கோடு போட்டால் மட்டும் போதாது. லாரி ஏறாதபடி தடுப்பு வேண்டும். இதை உல்லாசத்துக்காகக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற தொழிலாளிக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் அதே பாதைதான் உயிர்ப் பாதை.

வீட்டுக்குச் சொன்ன விதியையே சாலைக்கும் சொல்கிறேன். மெதுவாகப் போகிறவரை முதலில் நினையுங்கள். அவர் பத்திரமாகப் போனால் எல்லாரும் பத்திரமாகப் போவார்கள்.

மாமியார் கேட்டது

அன்று மாலை தம்பதி வீடு திரும்பினார்கள். "ஊர் சிரிக்கும்" என்ற மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மருமகளின் கையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார். உள்ளே போய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

"அத்தே, நீங்க எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று மருமகள் பதறினார்.

மாமியார் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"கடல் எப்படிம்மா இருந்தது? உன் மாமனார் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்..."

சொல்லிக்கொண்டே இருந்தவர் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

வாசகர்களே! வருகிற ஞாயிறு உங்கள் வீட்டில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்? இன்றே பேசுங்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்து வையுங்கள்.

புறப்படும்போது மறந்துவிடாதீர்கள்: மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும்!